மறதி வந்த அம்மம்மாவோடு இருப்பது எப்படி: திருகோணமலைப் பிள்ளைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வீட்டில் அம்மம்மாவுக்கோ அப்பப்பாவுக்கோ மறதி நோய் வந்துவிட்டது. பெரியவர்கள் கிளினிக், குளிசை, காசு, இரவு முழிப்பு என்று ஓடித் திரிகிறார்கள். உங்களுக்கு யாரும் எதையும் இருத்தி வைத்து விளக்கவில்லை. ஆனால் பின்னேரத்தில் ரியூஷன் முடிந்து வந்ததும் "கொஞ்சம் அம்மம்மாவைப் பார்த்துக்கொள், கடைக்குப் போயிட்டு வாறன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அந்தக் கொஞ்ச நேரத்தை எப்படிக் கழிப்பது என்பதற்குத்தான் இந்த வழிகாட்டி. பதின்மூன்று வயதிலிருந்து பத்தொன்பது வயது வரை உள்ளவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

நான் நடுத் தலைமுறை ஆள். எங்கள் வீட்டில் என் அம்மாவோடு என்னைவிட என் மகளுக்குத்தான் நன்றாக ஒத்துப்போனது. மகள்மார், மகன்மார் எங்களுக்குப் பழைய அம்மா திரும்பி வரவேண்டும். அவர் ஒரு சொல்லைத் தவறவிட்டால் எங்களுக்கு நெஞ்சு பதறும், உடனே திருத்துவோம். பேரப்பிள்ளைக்கு அந்தப் பதற்றம் குறைவு. முன்னால் இருக்கும் ஆளோடு, அவர் இன்றைக்கு இருக்கிற மாதிரியே பழக உங்களால் முடியும். கீழே வரும் ஒவ்வொரு படியும் இதை வைத்துத்தான்.

1. முதலில் டொக்டர் பார்க்கட்டும்

சந்தைக்குப் போய்ப் புளி வாங்க மறப்பது வயது. ஐம்பது வருடமாக வைத்த சொதியை எப்படி வைப்பதென்று குசினியில் திகைத்து நிற்பது வேறு. இரண்டாவதைக் கண்டால் "வயசு போனா அப்பிடித்தான்" என்று விடாமல் வீட்டில் சொல்லுங்கள்.

மறதி நோயை டொக்டர்மார் டிமென்ஷியா என்பார்கள். அது ஒரே ஒரு நோயின் பெயர் இல்லை. மூளையைப் பாதிக்கும் பல நோய்களால் வரும் நிலை அது. அதில் அல்சைமர் நோயின் பங்கு 60 முதல் 70 சதவீதம். மூளையின் இரத்தக் குழாய்கள் பழுதாவதாலும் வரும்; பிரஷரும் சீனி வருத்தமும் நிறைந்த எங்கள் ஊரில் இதை மறக்கக்கூடாது. உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி 2021 இல் உலகில் 57 மில்லியன் பேர் இந்த நிலையில் இருந்தார்கள். ஆகவே உங்கள் வீட்டில் மட்டும் நடக்கும் வெட்கக்கேடு இது இல்லை. செய்வினையும் இல்லை, பேயும் இல்லை.

டொக்டரிடம் போகச் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. தைராய்டுக் குறைவு, பி12 விற்றமின் குறைவு, மனச்சோர்வு, காது கேளாமை எல்லாம் மறதி நோய் போலவே தோன்றும். இவற்றைக் கண்டுபிடித்தால் சரிசெய்ய வழியுண்டு. மனநலக் கிளினிக்குக்கு அனுப்பினால் வீட்டில் சிலர் முகம் சுளிப்பார்கள். மறதி நோயைப் பார்ப்பவர்களில் மனநல டொக்டர்களும் அடக்கம் என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். டொனெபெசில் போன்ற குளிசைகள் நோயை மாற்றாது. சிலருக்குச் சில காலம் அறிகுறிகளைத் தணிக்கும்.

ஒன்றை மட்டும் நன்றாக மனதில் போட்டுக்கொள்ளுங்கள். மறதி நோய் பெரும்பாலும் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல வரும். நேற்று வரைக்கும் ஓரளவு சரியாக இருந்தவர் இன்றைக்குத் திடீரென்று உளறினால், அல்லது விடாமல் தூங்கினால், அது நோய் முற்றியதாக இராது. சிறுநீர்த் தொற்று, உடம்பில் தண்ணீர் வற்றியது, மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய மருந்து, இவற்றில் ஏதோ ஒன்றாக இருக்கலாம். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் வயதானவர்கள் தாகம் தெரியாமலே வாடிப்போவார்கள். தும்மலுக்கும் சளிக்கும் பார்மசியில் வாங்கும் குளோர்பெனிரமைன் குளிசைகூட இவர்களின் குழப்பத்தைக் கூட்டும். திடீர் மாற்றத்தை அன்றைக்கே பெரியவர்களிடம் சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். வாய் ஒரு பக்கம் கோணினாலோ கை விழுந்தாலோ யோசிக்காமல் 1990 ஐ அழையுங்கள். இலவச அம்புலன்ஸ் வரும்.

கிளினிக்கில் உங்களுக்கென்று ஒரு வேலை இருக்கிறது. ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதி வாருங்கள்: எப்போது சாப்பிட மறுத்தார், எத்தனை மணிக்குக் குழப்பம் கூடுகிறது, எப்போது விழுந்தார். டொக்டருக்கு முன்னால் "ஒண்டுமில்லை, நல்லா இருக்கிறன்" என்று அம்மம்மா சிரித்துச் சமாளித்துவிடுவார். அந்தக் கொப்பி சமாளிக்காது.

2. சோதனை வைப்பதை நிறுத்துங்கள்

"நான் ஆரெண்டு சொல்லுங்கோ பாப்பம்?" வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் முதல் கேட்கிற கேள்வி இதுதான். ஓஎல் வினாத்தாளில் படிக்காத பாடத்தை எடுத்து எல்லோருக்கும் முன்னால் எழுப்பிக் கேட்டால் உங்களுக்கு எப்படி இருக்கும், அதுதான் அவருக்கும். தெரியவில்லை என்று அவருக்கே தெரியும். அந்த அவமானம் முகத்தில் ஓடுவதைப் பார்க்கலாம்.

கேட்காமல் சொல்லிவிடுங்கள். "அம்மம்மா, நான் உங்கட மூத்த மகளின்ர மகள் வந்திருக்கிறன். தேத்தண்ணி குடிப்பமா?" பெயரும் உறவும் காரணமும் ஒரே மூச்சில் வந்துவிட்டன. அவர் தேட வேண்டியதில்லை. "காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?" என்பதும் சோதனைதான். "இண்டைக்குப் புட்டு நல்லா வந்திருக்கு" என்பது பேச்சு.

இதற்கு மூளையில் காரணம் இருக்கிறது. புது நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியை அல்சைமர் தொடக்கத்திலேயே தாக்குகிறது. உணர்ச்சி அந்தளவு சீக்கிரம் போவதில்லை. 2014 இல் அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அல்சைமர் உள்ளவர்களுக்குச் சோகமான படத்துண்டுகளையும் சிரிப்பான படத்துண்டுகளையும் போட்டுக் காட்டினார்கள். படத்தில் என்ன நடந்ததென்பது சற்று நேரத்திலேயே அவர்களுக்குப் போய்விட்டது. ஆனால் சோகமும் சந்தோஷமும் அதற்குப் பிறகும் அவர்களிடம் நின்றன. நீங்கள் ஏசினால் ஏன் ஏசினீர்கள் என்று அம்மம்மாவுக்கு நினைவிராது, கலக்கம் மட்டும் மிஞ்சும். சேர்ந்து சிரித்தால் சிரிப்பின் காரணம் போய்விடும், முகத்தில் ஒரு லேசு இருக்கும். "எப்பிடியும் மறந்துபோவா, ஏன் போய்ப் பக்கத்தில இருக்கோணும்?" என்று கேட்கும் தம்பிக்கும் இதைச் சொல்லுங்கள்.

3. அறைக்குள் போகும் முறை

பின்னாலிருந்து தொடாதீர்கள். முன்னால் போய், அவர் இருந்தால் நீங்களும் இருந்து, முகம் தெரியப் பேசுங்கள். ரீவியை நிறுத்துங்கள். ஒரு வசனத்தில் ஒரு விஷயம். சொல்லிவிட்டுக் காத்திருங்கள், உங்களுக்குச் சலிப்பு வருகிற அளவுக்குக் காத்திருங்கள். பதில் தாமதமாக வரும். கண்ணாடி துடைத்திருக்கிறதா, காது மெஷினுக்குப் பற்றரி இருக்கிறதா என்றும் பாருங்கள். மறதி என்று நாங்கள் நினைப்பதில் ஒரு பங்கு காது கேளாமை.

அதே கேள்வியைப் பத்துத்தரம் கேட்பார். பத்தாவது தரமும் அவருக்கு அது முதல் தரம். உங்களுக்கு எரிச்சல் வரும், வராவிட்டால்தான் அதிசயம். வரும்போது எழும்பிப் போய் முகம் கழுவிவிட்டு வாருங்கள்.

4. "வீட்ட போவம்" என்று சொல்லும்போது

இதில் கொஞ்சம் ஆறுதலாக நிற்க வேண்டும். திருகோணமலை வீடுகளில் இந்த வசனம் வேறு இடங்களைவிடப் பாரமானது.

நோய் முற்ற முற்ற அண்மைக் காலம் முதலில் உதிரும். பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட காலம் ஆழமாகப் பதிந்தது, அது நின்றுபிடிக்கும். 1946 இல் பிறந்த அம்மம்மா ஒருவர் மாலை நேரத்தில் 1960 களில் இருக்கக்கூடும். அவருடைய திருகோணமலையில் கிண்ணியாப் பாலம் இல்லை. அது 2009 இல்தான் திறந்தது. அங்கே பாதை, அதாவது ஆட்களை ஏற்றிக் கரை சேர்க்கும் மிதவை, ஓடுகிறது. மூதூருக்கு லோஞ்ச் போகிறது. "பாதை போயிரும், கெதியா வா" என்று அவர் அவசரப்பட்டால் உளறவில்லை. உங்களுக்குத் தெரியாத ஊரின் நேர அட்டவணையைச் சொல்கிறார். அந்த ஊரை நீங்கள் கொஞ்சம் படித்து வைத்திருந்தால் பேச்சு ஓடும். கோணேசர் கோயிலுக்கு 1963 இல் நடந்த கும்பாபிஷேகம், 1964 மார்கழிப் புயல், இவற்றில் ஒன்றைத் தொட்டுப் பாருங்கள். பாட்டியின் கண் சட்டென்று விழிக்கும்.

அவர் போகத் துடிக்கும் வீடு பல குடும்பங்களில் இன்று இல்லை. 1990 இல் விட்டுவிட்டு ஓடிய வீடு. 2006 இல் சம்பூரிலோ மூதூரிலோ விட்டு வந்த வீடு. 2004 இல் கடல் கொண்டுபோன வீடு. "அது எரிஞ்சுபோச்சு அம்மம்மா, இதுதான் எங்கட வீடு" என்று சொல்வது உண்மைதான். ஆனால் அவருக்கு அந்தச் செய்தி இன்றைக்குத்தான் முதன்முதலாக வருகிறது. நாளைக்கும் முதன்முதலாக வரும். ஒரு மனுசி ஒரே வீட்டை எத்தனை தரம் இழப்பது?

வழி இப்படி. மறுக்கவும் வேண்டாம், பொய் வாக்குக் கொடுக்கவும் வேண்டாம். வீட்டைப் பற்றிக் கேளுங்கள். "கிணறு எந்தப் பக்கம் இருந்தது? முத்தத்தில என்ன மரம் நிண்டது? ஆர் ஆர் பின்னேரம் வருவினம்?" சொல்லத் தொடங்குவார். பிறகு "வாங்கோ, ஒருக்கா வெளிய நடந்திட்டு வருவம்" என்று வளவைச் சுற்றியோ ஒழுங்கை முனைவரையோ கூட்டிப்போய், திரும்பி வந்து தேத்தண்ணி கொடுங்கள். எப்போதும் பலிக்காது, பல நாள் பலிக்கும். "வீட்ட போவம்" என்பது சிலவேளை வயிறு பசிக்கிறது, மூத்திரம் முட்டுகிறது, பயமாயிருக்கிறது என்பதற்கும் அவரிடம் மிஞ்சியிருக்கிற ஒரே வசனம். அதையும் பாருங்கள்.

செத்துப்போன அம்மப்பாவைக் கேட்டாலும் இதே முறைதான். "கடைக்குப் போயிட்டார்" என்றால் படலையில் போய் நின்றுவிடுவார். "அவரையே நினைச்சுக்கொண்டிருக்கிறியள் போல. சரியான கோபக்காரனோ அவர்?" என்று அவரைப் பற்றிய கதைக்குத் திருப்புங்கள். ஆனால் நிதானமாக, கண்ணைப் பார்த்து, "அவர் செத்துப்போனாரோ?" என்று கேட்டால் ஓம் என்று சொல்லிக் கையைப் பிடியுங்கள். இந்த இடத்தில் சில வழிகாட்டிகள் எப்போதுமே சமாளிக்கச் சொல்லும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த நிமிடத்தில் அவர் தெளிவாக இருக்கிறார், தெளிவானவரிடம் பொய் சொல்லக்கூடாது.

பயங்களும் திரும்பி வரும். சீனன்குடாப் பக்கமிருந்து ஹெலிகொப்டர் போனாலோ, சித்திரை வருடப்பிறப்புக்கு வெடி கொளுத்தினாலோ "ஷெல் வருது, பிள்ளையளைக் கூப்பிடு" என்று கட்டிலுக்குக் கீழே போகப் பார்ப்பார். சிரிக்காதீர்கள். "சண்டை முடிஞ்சுது அம்மம்மா" என்பதும் உதவாது. "எல்லாரும் உள்ளுக்க வந்திட்டினம், கதவும் பூட்டிட்டன், நான் உங்களோட இருக்கிறன்" என்று சொல்லி யன்னலைச் சாத்தி, சத்தம் குறைந்த அறைக்குக் கூட்டிப்போங்கள். பாடசாலைச் செயற்திட்டத்துக்காக அந்தக் காலக் கதைகளை அவரிடம் தோண்டி எடுக்கவும் வேண்டாம். அவராகச் சொன்னால் கேளுங்கள்.

5. கைக்கு வேலை, வாய்க்குப் பாட்டு

பெயர்கள் போன பிறகும் கை தன் தொழிலை வைத்திருக்கும். செய்து செய்து பழகிய வேலைகளை மூளை வேறு பகுதிகளில் சேமிக்கிறது. ஆகவே ஒரு நாளில் அரை மணித்தியாலம், முடிந்தால் ஒரே நேரத்தில், இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வேலை. முருங்கையிலை உருவலாம். பயித்தங்காய் முறிக்கலாம், அதற்குக் கத்தி வேண்டாம். சுளகில் அரிசி புடைக்கலாம், பூக் கோக்கலாம், துவாய் மடிக்கலாம். திருக்கடலூர்ப் பக்கத்து அப்பப்பாவாக இருந்தால் ஒரு துண்டு வலையும் நூலும் கொடுத்துப் பாருங்கள், முடிச்சுப் போடுவதை அந்தக் கையிடம் நீங்கள்தான் படிக்க வேண்டும். ஓய்வுபெற்ற ரீச்சராக இருந்தால் உங்கள் பழைய கொப்பியும் சிவப்புப் பேனாவும் கொடுங்கள். சரி போடுவார், பிழை போடுவார், கையெழுத்து மோசம் என்று ஏசுவார். அது நல்ல பின்னேரம்.

வேலை பிழையாக முடிந்தால் அவருக்கு முன்னால் திருப்பிச் செய்யாதீர்கள். இலையோடு ஈர்க்கும் வந்தால் வரட்டும். பிறகு குசினிக்குள் கொண்டுபோய்ப் பொறுக்குங்கள்.

பாட்டு இன்னும் ஆழத்தில் கிடக்கிறது. சைவ வீடுகளில் சம்பந்தரின் திருக்கோணமலைப் பதிகத்தைத் தொடங்கிப் பாருங்கள். கடைசிப் பாட்டைத் தவிர ஒவ்வொரு பாட்டும் "கோணமாமலை அமர்ந்தாரே" என்று முடியும். முன் அடிகளை நீங்கள் பாடி, அந்த இடத்துக்கு வந்ததும் கொஞ்சம் நிறுத்துங்கள். ஒரு சொல்லும் சேர்ந்து வராத வாயிலிருந்து அந்த முடிவு வரக்கூடும். கிண்ணியா, மூதூர் முஸ்லிம் வீடுகளில் சின்ன வயதில் ஓதிய சூறாக்கள், கத்தோலிக்க வீடுகளில் செபமாலை, இதே வேலையைச் செய்யும். அவருடைய இருபது வயதில் இலங்கை வானொலியில் ஒலித்த சினிமாப் பாட்டுகளை யூரியூப்பில் தேடி ஒரு பட்டியல் செய்யுங்கள். போன் உங்கள் கையில் இருக்கிறது, இந்த வேலையை வீட்டில் வேறு யாரும் உங்களைவிடக் கெதியாகச் செய்யப்போவதில்லை.

அல்பம் பார்ப்பது நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். எங்கள் பக்கத்தில் எத்தனை வீட்டில் பழைய அல்பம் இருக்கிறது? இடம்பெயர்ந்தபோது போனதோடு போய்விட்டது. இல்லாவிட்டால் பொருளும் மணமும் போதும்: மூக்குப்பேணி, வெத்திலைத் தட்டம், சந்தனக்கட்டை, குசினியில் வறுபடும் மல்லி. அல்பம் இருந்தால் "இது ஆர்?" என்று கேட்காமல் "இது உங்கட கலியாணப் படம், என்ன வடிவான சீலை!" என்று தொடங்குங்கள்.

இன்னும் பேசுகிற நிலையில் இருந்தால் குரலைப் பதிந்து வையுங்கள். ஒரு சமையல் பக்குவம், தாலாட்டு, சண்டை பிடித்த சித்தியின் கதை, எதுவும். கேட்டுவிட்டுப் பதியுங்கள். குழம்பி அழும் நேரத்தைப் படம் பிடித்து ஸ்ரேற்றஸில் போடுவது வேறு வேலை, அதைச் செய்யக்கூடாது.

6. வெளியே கூட்டிப்போக

காலை வெயில் ஏற முன்னர் போங்கள். பிரட்ரிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் நடமாடும். மானைப் பார்க்க ஞாபகசக்தி தேவையில்லை என்பதால் இது எனக்கு மிகவும் பிடித்த இடம். டச்பே கடற்கரையில் இருந்து அலை பார்ப்பதும் அப்படித்தான். கோணேசரிடம் போக ஆசைப்பட்டால் வெள்ளிக்கிழமையும் திருவிழா நாளும் வேண்டாம். ஏற்றம் இருக்கிறது, மதியமானால் வெறுங்காலுக்குக் கல் சுடும். சனம் குறைந்த நாளில், ஆட்டோவில், ஒரு பெரியவரோடு போங்கள். கூட்டமும் ஒலிபெருக்கியும் அவரைக் குழப்பும். முகம் மாறத் தொடங்கினால் பூசை முடியட்டும் என்று நிற்காமல் திரும்புங்கள்.

7. காணாமல் போவதற்கு முன்

இது நடக்கும் என்றே வைத்து ஆயத்தம் செய்யுங்கள். மூன்று பக்கம் கடல் சூழ்ந்த ஊர், வளவுகளில் கிணறு. கிணற்றுக்கு மூடியும் படலைக்குச் சத்தம் போடும் மணியும் வீட்டாரிடம் கேட்டு வாங்குங்கள். ஒரு அட்டையில் பெயர், "ஞாபக மறதி உள்ளவர்", இரண்டு போன் நம்பர் என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, பிளாஸ்ரிக் உறைபோட்டு உடுப்பின் உட்பக்கம் குத்திவிடுங்கள். பொலிஸிலும் கடற்படைக் காவலிலும் நிற்பவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாமல் இருக்கலாம். சிங்களம் எழுதத் தெரிந்த வகுப்புத் தோழரிடம் கேட்டால் ஒரு நிமிட வேலை.

சந்தியில் இருக்கும் ஆட்டோக்காரர், மூலைக்கடை முதலாளி, கோயில் வாசலில் பூ விற்பவர், இவர்களுக்கு அம்மம்மாவைத் தெரிந்திருக்க வேண்டும். நோயை மறைத்து வைக்கும் வீட்டில்தான் ஆள் தொலைந்தால் தேட ஆளில்லை. அண்மையில் எடுத்த முகம் தெரியும் படம் ஒன்று உங்கள் போனில் இருக்கட்டும். தொலைந்துவிட்டால் முதலில் கிணறும் கடற்கரையும், அடுத்து அவர் பழைய நாளில் தினமும் நடந்த வழி: பள்ளிக்கூடம், சந்தை, துறைமுகத்துப் பக்கம். அதே நேரம் இன்னொருவர் 119 க்கு அறிவிக்க வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று காத்திருப்பது கூடாது.

8. பொழுதுபடும் நேரமும் களவும்

பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு பலருக்குக் குழப்பம் கூடும். நிழல் நீள முன்னர் லைட்டைப் போடுங்கள், கரண்ட் போனால் உடனே எடுக்க ரோச் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். கண்ணாடியில் தெரியும் கிழவியை அந்நியர் என்று பயந்தால் கண்ணாடிக்குத் துணி போடுங்கள். கறுப்புக் கால்மிதி அவர் கண்ணுக்குக் குழியாகத் தெரியலாம். வெள்ளைக் கோப்பையில் வெள்ளைப் புட்டுப் போட்டால் சாப்பாடே தெரியாமல் போகலாம், நிறக் கோப்பைக்கு மாற்றிப் பாருங்கள்.

"என்ர காப்பை நீதான் களவெடுத்தனி" என்று ஒரு நாள் உங்களைப் பார்த்துச் சொல்வார். அதிகம் குத்துவது இதுதான். வாதாடினால் சண்டை பெருக்கும். எங்கே வைத்தேன் என்ற நினைவு இல்லாமல் போய், அந்த வெற்றிடத்துக்கு மூளை ஒரு காரணம் கண்டுபிடிக்கிறது. பக்கத்தில் நிற்பவர் நீங்கள், அவ்வளவுதான். "காப்பக் காணேல்லையோ? வாங்கோ தேடுவம்" என்று சேர்ந்து தேடுங்கள். தலையணை உறை, அரிசி வாளி, செருப்புக்குள் பாருங்கள். கண்டெடுத்தால் "பாத்தீங்களோ" என்று சொல்லாதீர்கள். தங்கக் காப்பை எடுத்துப் பத்திரப்படுத்திக் கவரிங் காப்புப் போட்டுவிடுவது பற்றி அம்மாவிடம் கதையுங்கள்.

9. உங்கள் வேலை எது, எது இல்லை

குளிக்க வார்ப்பது, மலசலம் பார்ப்பது, குளிசை அளந்து கொடுப்பது, இரவு முழுக்கத் தனியே காவல் இருப்பது பெரியவர்களின் வேலை. உதவி கேட்டால் செய்யலாம், பொறுப்பு உங்களுடையதாகக் கூடாது. அவர் கை ஓங்கினால் விலகி நின்று ஆளைக் கூப்பிடுங்கள். ஓஎல்லோ ஏஎல்லோ வருகிற வருடம் என்றால் படிக்கிற நேரம் எது, அம்மம்மாவோடு இருக்கிற நேரம் எது என்று வீட்டில் இருந்து கதைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். பெண்பிள்ளை என்றால் எல்லாம் அவள் தலையில், ஆண்பிள்ளை கிரிக்கெட்டுக்கு, என்ற பங்கீடு எங்கள் வீடுகளில் சத்தமில்லாமல் நடக்கும். சத்தமாகக் கேளுங்கள்.

வெட்கம், கோபம், "இவ செத்துப்போனால் நல்லம்" என்று ஒரு கணம் ஓடும் நினைப்பு, எல்லாம் இந்த வீடுகளில் எல்லோருக்கும் வருவதுதான். நெருங்கிய ஒருவரிடம் சொல்லுங்கள். நித்திரை வராமல், சாப்பிட மனமில்லாமல் நாட்கள் நீண்டால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926, எந்நேரமும் அழைக்கலாம். சிறுவர் உதவிக்கு 1929. கொழும்பில் லங்கா அல்சைமர்ஸ் பவுண்டேஷன் என்ற அமைப்பு குடும்பங்களுக்கு வழிகாட்டுகிறது.

10. உங்களை அறவே தெரியாமல் போகும்போது

உங்களை உங்கள் அம்மாவின் பெயரால் கூப்பிடுவார், அல்லது எப்போதோ இறந்துபோன தன் தம்பியின் பெயரால். அந்தப் பெயருக்குக் கோபப்படாமல் பதில் சொல்லுங்கள். தனக்கு மிகவும் வேண்டப்பட்ட ஒருவரின் இடத்தில்தான் உங்களை வைத்திருக்கிறார். பேச்சு முழுதாக நின்ற பிறகும் தலைக்கு எண்ணெய் வைத்து இழுக்கலாம், காலைப் பிடித்துவிடலாம், நகம் வெட்டலாம், பக்கத்தில் இருந்து உங்கள் பாடத்தைச் சத்தமாகப் படிக்கலாம். இந்தக் கட்டத்தில் விழுங்குவது கஷ்டமாகும். நிமிர்த்தி இருத்தித்தான் ஊட்ட வேண்டும். இருமினாலோ குரல் கரகரத்தாலோ உடனே நிறுத்திப் பெரியவரைக் கூப்பிடுங்கள், தனியே ஊட்டாதீர்கள்.

11. வெளிநாட்டு மாமா வரும்போது

கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் ஓகஸ்ட் லீவுக்கு வருகிறவர்கள் பழைய அம்மாவை எதிர்பார்த்து வருவார்கள். வீடியோ கோலில் ஐந்து நிமிடம் சிரித்ததைப் பார்த்து "அவ நல்லாத்தானே இருக்கிறா, நீங்கள்தான் பெருப்பிக்கிறியள்" என்றும் சொல்லியிருப்பார்கள். வர முன்னரே குடும்ப வட்ஸ்அப் குழுவில் நீங்கள் ஒரு குறிப்புப் போடலாம், பிள்ளை எழுதினால் வாசிப்பார்கள். இப்படி:

"அம்மம்மாவுக்கு உங்களைத் தெரியாமல் இருக்கலாம். நான் ஆர் எண்டு கேக்க வேண்டாம், நீங்களே பேரைச் சொல்லுங்கோ. ஒரு நேரத்தில ரெண்டு பேருக்கு மேல அறைக்குள்ள வேண்டாம். காலமை நல்லா இருப்பா, அப்ப வாங்கோ. அவவுக்கு முன்னால அவவின்ர வருத்தத்தைக் கதைக்க வேண்டாம், காது கேக்கும். அழுகை வந்தா வெளிய வந்து அழுங்கோ."

வந்து இறங்கியதும் பெட்டிகளை நேரே உள்ளறைக்குக் கொண்டுபோய்க் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிடுங்கள். விறாந்தையில் பெட்டி அடுக்கியிருப்பதைக் கண்டால் அம்மம்மா "எங்க வெளிக்கிடுறம்?" என்று கேட்டுக்கொண்டு சீலை மாற்றத் தொடங்கிவிடுவார்.